படத்தைச் சாய்த்துப் பார்

வேலூர் லாங் பஜாரில் நான் ஸ்கேன் போட்டுக் கொடுக்கும் மாடிக்கு வருகிறவர்கள் அநேகமாக ஒரே புகாரோடுதான் படியேறுவார்கள். ஏற்கெனவே ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து பார்த்திருப்பார்கள். "இன்னாண்ணா, கைல வெச்சுப் பாத்தா நல்லா கீது, கம்ப்யூட்டர்ல மங்கலா வருது. நல்ல மிஷின்ல போட்டுக் குடு" என்பார்கள். மிஷின் காரணமாக இருப்பது அபூர்வம். படத்தைக் கழுவிய விதம், அது இத்தனை வருஷம் மாட்டியிருந்த வீடு, ஃபிலிம் கண்ணாடிமேல் படுத்திருக்கும் உயரம், மென்பொருளில் யாரோ போட்டுவைத்த ஒரு டிக், இவற்றில் ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருக்கும். எது என்று கண்டுபிடிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் பொழுது போகும், படம் தேறாது.

அதனால் ஸ்கேனர் மூடியைத் திறப்பதற்கு முன்னால் படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவேன். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் தரம் பிரிக்கிறவர்கள் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்கில் போடுவார்கள். உண்ணி கடித்த தடம், முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எதுவும் நேராகப் பார்த்தால் தெரியாது. படமும் அப்படித்தான். சாய்த்தால்தான் அதன் மேற்பரப்பு பேசும். எங்கே வெள்ளி பூத்திருக்கிறது, எங்கே காளான் பிடித்திருக்கிறது, படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பூச்சு எந்தப் பக்கம், பழைய ஸ்டூடியோக்காரர் பென்சிலால் எங்கே டச்சிங் செய்திருக்கிறார், எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

டச்சிங் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் முகத்தில் இருக்கும் அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை எல்லாவற்றையும் நெகட்டிவின்மேலேயே கூரான பென்சிலால் நுணுக்கமாகத் தொட்டுச் சரிசெய்வார்கள். இப்போது ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் அது கன்னத்தில் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தால், ஒரு கலைஞர் மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை துணியோடு போய்விடும். எமல்ஷன் பக்கத்தில் நான் ஊதுபந்து தவிர வேறு எதையும் வைப்பதில்லை. பளபளப்பான பின்பக்கத்தை மட்டும் சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாகத் துடைப்பேன்.

எங்கள் பக்கத்துக் கருப்பு வெள்ளைப் படங்களுக்கென்று ஒரு நோய் உண்டு. நேராகப் பார்த்தால் கறுப்புக் கோட்டு, கறுப்புக் கூந்தல். சாய்த்தால் அதே இடத்தில் ரசம் பூசினாற்போல நீலமாக ஒரு பளபளப்பு. பிளாட்பெட் ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுவதால் அந்தப் பளபளப்பு அப்படியே லென்ஸுக்குப் போகிறது. கறுப்பு இருக்க வேண்டிய இடம் முழுக்கச் சாம்பல் நீலப் புகை. "மங்கல்" என்று வருவதில் பாதி இதுதான். காகிதத்தில் படமாக நிற்பது நுண்ணிய வெள்ளித் துகள். காற்றில் இருக்கும் வாயுக்கள் அதை அரிக்கும்போது வெள்ளி கரைந்து மேற்பரப்புக்கு ஏறி, அங்கே கண்ணாடிபோலப் படிகிறது. பதனிடும் தொழிலில் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். அந்தத் தண்ணீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். தோல் ஷெட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்த அழுகிய முட்டை வாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கால் கொலுசு கறுத்துப்போவதும், சுவரில் மாட்டிய தாத்தா படம் விளிம்பிலிருந்து பழுப்பேறுவதும் ஒரே கந்தகத்தின் வேலை. தோல் கழிவால் பாலாற்றுத் தண்ணீர் கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, நாடு முழுக்கப் பேசப்பட்டது. காற்று என்ன செய்தது என்பதற்கான சாட்சி இந்தப் படங்களின் விளிம்பில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதில் என்னை எப்போதும் யோசிக்க வைப்பது ஒன்று. அந்த வெள்ளித் துகளைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஜெலட்டின், மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுப்பது. 1920-களில் கோடாக் ஆய்வுக்கூடத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் ஒன்றைக் கண்டுபிடித்தார். சில ஜெலட்டினில் செய்த ஃபிலிம் மட்டும் குறைந்த வெளிச்சத்திலும் நன்றாகப் பதிவதற்குக் காரணம், அதில் கலந்திருந்த மிகச் சொற்பமான கந்தகச் சேர்மம். மாடுகள் மேய்ந்த கடுகு இனச் செடிகளிலிருந்து அது வந்தது என்று விளக்கினார்கள். படம் பதியக் காரணமாக இருந்ததும் கந்தகம், பதிந்த படத்தை அரிப்பதும் கந்தகம்.

இந்த நீலப் புகைக்கு மென்பொருளில் மருந்து கிடையாது. ஸ்கேனரை விட்டுவிட்டு கேமராவுக்குப் போக வேண்டும். படத்தைத் தரையில் வைத்து, கேமராவை மேலே நேர்செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு. இரண்டு விளக்கின் முன்னாலும் ஒரே திசையில் போலரைசிங் ஷீட், லென்ஸில் ஒரு போலரைசர். லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் பளபளப்பு முழுக்க அணைந்து, அடியில் இருக்கும் கறுப்பு மேலே வரும். கோட்டுப் பொத்தான், மடிப்பு, சட்டைப்பையில் செருகிய பேனா எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். எழுபது எண்பதுகளில் வந்த, தேன்கூடுபோல் மேடு பள்ளமான சில்க் ஃபினிஷ் கலர் பிரிண்டுகளுக்கும் இதே ஏற்பாடுதான். ஸ்கேனரில் போட்டால் ஒவ்வொரு மேடும் ஒரு வெள்ளைப் புள்ளி. கேமரா வசதி இல்லாதவர்கள் ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுத்தால் பாதி குறையும்.

பழுப்பேறிய படம் வேறு ரகம். பிரிண்ட் போட்டபின், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ உப்பை ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி எடுக்க வேண்டும். டார்க்ரூமில் தொழில் கற்றவன் என்பதால் சொல்கிறேன், கோடையில் குடத்துக்கு வரிசையில் நின்ற ஊரில் ஓடும் தண்ணீருக்கு எங்கே போவது? ஒரே தொட்டித் தண்ணீரில் அலசி எடுத்தார்கள். காகிதத்தில் தங்கிய ஹைப்போ மெல்லச் சிதைந்து, அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைத் தின்னும். காற்றால் வந்த கேடு விளிம்பில் தொடங்கும். கழுவாத கேடு வெள்ளை வேட்டி உட்படப் படம் முழுக்க ஒரேயடியாக மஞ்சளாக்கும். அந்த மாதிரிப் படத்தை "கருப்பு வெள்ளைதானே" என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்வதுதான் கடைகளில் நடக்கும் பெரிய தப்பு. கலரில், 48 பிட்டில் எடுக்க வேண்டும். எடுத்தபின் மூன்று சேனலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மஞ்சள் கறை ரெட் சேனலில் காணாமல் போகும். வெளிறிப்போய் மஞ்சள் நிழலாக மட்டும் மிச்சமிருக்கும் முகம் ப்ளூ சேனலில் அழுத்தமாகத் தெரியும். கறை தொந்தரவா, வெளிறல் தொந்தரவா என்று பார்த்து எந்தச் சேனல் என்பதை முடிவு செய்கிறேன். சில படங்களில் முகத்துக்கு ஒன்று, பின்புலத்துக்கு இன்னொன்று.

நெகட்டிவுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் வருவது பெரும்பாலும் 120 ரோல். பரோடாவில் செய்த அக்ஃபா கிளிக் 3 கேமராவில் ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம். ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருந்தது யாஷிகா. ஃபிலிமில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' நிறைய வரும். 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனம், 1967-லிருந்து உற்பத்தி. இன்றைக்கு ஆலை இல்லை. அதில் பதிந்த கல்யாணங்களும் கருமாதிகளும் டப்பாவில் இருக்கின்றன. வெள்ளிக்காகப் பழைய நெகட்டிவை எடைக்குப் போட்ட ஸ்டூடியோக்களும் உண்டு என்பதால், மிஞ்சி வருகிற ஒவ்வொரு டப்பாவும் எனக்குப் பெரிது.

ஒருமுறை ஒரு பையன் தன் லேப்டாப்பில் ஸ்கேன் செய்த கருப்பு வெள்ளை நெகட்டிவ்களைக் கொண்டுவந்தான். அவன் ஆயாவின் முகத்தில் கண், மூக்குத்தி, உதட்டோரம் எல்லாம் யாரோ கத்தியால் செதுக்கினாற்போல இருந்தன. நெகட்டிவைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்கேனர் மென்பொருளைத் திறக்கச் சொன்னேன். 'டிஜிட்டல் ஐஸ்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. தூசியை நீக்குகிற அந்த வசதி கலர் ஃபிலிமுக்கு அருமையான வேலை செய்யும். கலர் ஃபிலிமில் படமாக இருப்பது சாயம். சாயம் அகச்சிவப்புக் கதிரை மறைக்காது, தூசியும் கீறலும் மறைக்கும். அதனால் அகச்சிவப்பில் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் தூசி மட்டும் தனியாகத் தெரியும், அந்த இடத்தைச் சுற்றியுள்ளதை வைத்து நிரப்பிவிடலாம். கருப்பு வெள்ளையில் படமே வெள்ளி. வெள்ளி அந்தக் கதிரை மறைக்கும். ஆயாவின் மூக்குத்தியையே தூசி என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் அதை மூடப் பார்த்திருக்கிறது. டிக்கை எடுத்தோம், ஆயா திரும்பி வந்தார்.

அப்படியானால் தூசிக்கு என்ன வழி என்றால், தூசி வராமல் பார்த்துக்கொள்வதுதான். லாங் பஜாரில் இதைச் சொல்வது சுலபம். கீழே மூட்டை இறக்கும் சத்தம் விடியற்காலையிலிருந்து ஓயாது. மிளகாய், புளி, சாக்கு நார் எல்லாம் காற்றோடு மாடிக்கு ஏறும். தரையை ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் நெகட்டிவைத் தொடுவேன். மே மாதத்து வேலூரில் ஃபேன் இல்லாத அறை என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வியர்வை சொட்டக் கூடாது என்பதால் தோளில் துண்டு. அந்த மாதங்களில் நெகட்டிவ் வேலையை விடியற்காலையில் முடித்துக்கொள்கிறேன்.

ஸ்கேன் வந்ததும் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பேன். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஃபிலிமின் மணல்போன்ற கிரெயின். கிரெயின் கூர்மையாக இருந்து முகம் மட்டும் மங்கலாக இருந்தால் ஸ்கேனில் குற்றமில்லை. படம் எடுத்தவர் கை ஆடியிருக்கிறது, அல்லது கிளிக் கேமராவின் எளிய லென்ஸ் அவ்வளவுதான் தரும். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். கிரெயினே கரைந்திருந்தால் ஃபோகஸ் பிசகியிருக்கிறது. கண்ணாடிமேல் கிடக்கும் தூசி கம்பிபோல் கூர்மையாகவும் கிரெயின் கரைந்தும் இருந்தால், ஸ்கேனர் கண்ணாடியைப் பார்க்கிறது, ஃபிலிமைப் பார்க்கவில்லை. பிளாட்பெட்டில் ஃபோகஸ் பெரும்பாலும் நிலையானது, கண்ணாடிக்குச் சில மில்லிமீட்டர் மேலே. ஃபிலிம் ஹோல்டரின் காலுக்கு அடியில் விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக வெட்டி ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரே படத்தை ஒவ்வொரு உயரத்திலும் எடுத்து ஒப்பிட்டால் சரியான உயரம் பிடிபடும். ஒருமுறை பிடித்துவிட்டால் அந்த மிஷினுக்கு அதுதான். ஓரம் தெளிவாக, நடு மட்டும் மங்கலாக வந்தால் ஃபிலிம் வளைந்திருக்கிறது. கனமான புத்தகத்துக்கு அடியில் சில நாள் வைத்தால் படியும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தப் பார்க்கிறவர்கள் உண்டு, காய்ந்த எமல்ஷன் வெடிக்கும்.

சிலர் வளைவுக்குப் பயந்து ஃபிலிமை நேராகக் கண்ணாடியில் படுக்கவைத்து மேலே இன்னொரு கண்ணாடியால் அழுத்துவார்கள். உடனே தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல வளைய வளையமாகக் கோடு விழும். நியூட்டன் வளையம். பளபளப்பான இரண்டு பரப்புகளுக்கு இடையே காற்று மெல்லிய படலமாகச் சிக்கும்போது ஒளி தனக்குள்ளேயே மோதிக்கொள்வதால் வருவது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஃபிலிம் ஈரம் இழுத்து ஒட்டும்போது இது அதிகம். மங்கலான எமல்ஷன் பக்கத்தைக் கண்ணாடியை நோக்கித் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். படம் இடவலம் மாறி வரும், அதைக் கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ளலாம். அப்போதும் நிற்காவிட்டால் லேசாகச் சொரசொரப்பாக்கிய ஆன்டி நியூட்டன் கண்ணாடி வாங்க வேண்டும்.

படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் பிடித்தாற்போல் ஒரே கோடு வந்தால் ஃபிலிமைச் சந்தேகப்பட வேண்டாம். ஹோல்டரின் தலைமாட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஸ்கேனர் அந்த வெற்று வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அங்கே ஒரு தூசி உட்கார்ந்தால் அந்த இடத்துக்கு நேர்கீழே முழு நீளமும் கோடு. அந்த ஜன்னலைத் துடைத்தால் போதும். படம் முழுக்க வெளிச்சமான இடங்களைச் சுற்றிப் பனிபோலப் படர்ந்தால் கண்ணாடியின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவி கிளம்பிக் கண்ணாடியின் அடியில் படிந்துவிடும். இருட்டில் டார்ச் அடித்தால் பாலாடை மாதிரித் தெரியும்.

டிபிஐ எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். பெட்டிமேல் 6400 என்று அச்சிட்ட சாதாரண பிளாட்பெட், உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் கால்பங்கு அளவுதான். மீதி வெறும் கோப்பு எடை. நான் 2400-இல் எடுக்கிறேன். 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் 24-க்கு 36 கட்டத்துக்கு அது ஏறக்குறைய 77 லட்சம் பிக்ஸல் தரும், 120 சதுரப் படத்துக்கு 2 கோடியே 80 லட்சம்.

கலர் நெகட்டிவில் இன்னொரு வம்பு. எண்பதுகளின் கல்யாண ரோல் ஒன்று, பெண்ணுக்கு அரக்குப் பட்டு. மணமேடையில் இருவரும் இருக்கும் படத்தில் பட்டு அரக்காக வருகிறது. பெண்ணை மட்டும் கிட்டத்தில் எடுத்த அடுத்த படத்தில் அதே பட்டு மண் நிறம், முகம் பச்சை. ஃபிலிம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கெடவில்லை. மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்து, எந்த நிறம் மிஞ்சியிருக்கிறதோ அதைக் கழிக்கிறது. கட்டம் முழுக்கப் பட்டு நிறைந்தால் பட்டின் சிவப்பையே கறை என்று கழித்துவிடுகிறது. கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறம், சாயங்களின் குறையை ஈடுகட்டக் கம்பெனியே வேண்டுமென்று சேர்த்தது. அது ரோல் முழுக்க ஒன்றுதான். அதனால் ஆட்டோவை அணைத்துவிட்டு, இரண்டு படங்களுக்கு இடையே ஒளி படாத வெற்று ஃபிலிமைத் தொட்டு அதைக் கறுப்பு என்று குறித்து, மணமேடைப் படத்தில் மற்ற அளவுகளையும் நிர்ணயித்து, ரோல் முழுவதற்கும் அதையே பூட்டிவிட வேண்டும். பட்டு கடைசிப் படம்வரை அரக்காகவே இருக்கும். இன்னொன்று, நெகட்டிவில் மல்லிகைப்பூவும் வேட்டியும்தான் அதிகம் கறுத்த இடம். ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் இன்னும் கறுப்பு. ஸ்கேனர் அதை ஊடுருவத் திணறும். எக்ஸ்போஷரைக் கூட்டி இன்னொரு ஸ்கேன் எடுத்து இரண்டையும் சேர்த்தால் பூ பூவாகப் பிரியும். கல்யாணப் படத்தில் பூச்சரம் வெறும் வெள்ளைத் திட்டாக நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை யாரும் பிய்க்காதீர்கள். ஜெலட்டின் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். காளான் பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் போடாதீர்கள். காளான் தின்ற ஜெலட்டின் கரையும், படம் தண்ணீரோடு போகும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேகரித்து எண்மமாக்கினார்கள். கிழிசல், கறை உட்படப் படம் இருக்கிற நிலையிலேயே பதிவதுதான் இப்படிப்பட்ட ஆவண வேலைக்கு அடிப்படை. நானும் முதல் கோப்பை அப்படித்தான் எடுத்து வைக்கிறேன். திருத்தம் எல்லாம் அதன் நகலில்.

இப்போது மொபைலில் ஒரு பொத்தானை அழுத்தினால் மங்கலான முகம் பளிச்சென்று ஆகிவிடுகிறது. அதைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கு அசலையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். கண்ணின் வடிவம் மாறியிருக்கும். இல்லாத பல் முளைத்திருக்கும். ஃபிலிமில் பதியாததை ஆப் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கிறது. செத்துப்போனவருடைய ஒரே படம் என்றால் அதை நான் செய்வதில்லை, பணம் கொடுத்தாலும்.

ஆம்பூரிலிருந்து ஒருவர் அப்பாவின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கொண்டுவந்தார். தோல் கம்பெனி அடையாள அட்டையில் ஒட்டியிருந்தது. தோளிலிருந்து கன்னம்வரை ஊதா ரப்பர் சீல், நெற்றிக்கு மேலே ஸ்டேப்ளர் துளை. வேறு படமே இல்லை. ஆறாம் மாசத் திதிக்கு ஆளுயர ஃப்ளெக்ஸ் வேண்டும் என்றார்.

"ஃப்ளெக்ஸுக்குத் தாங்காதுங்க. எட்டுக்குப் பத்து போடலாம், அதுல அவரு அவராவே இருப்பாரு" என்றேன்.

அட்டையிலிருந்து பிரிக்காமல் 1200-இல், கலரில் எடுத்தேன். ஊதா மை பச்சை ஒளியைத்தான் நன்றாக விழுங்கும். கிரீன் சேனலில் சீல் கன்னங்கறேலென்று இருந்தது, ப்ளூ சேனலில் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. மிச்சமிருந்த நிழலைக் கையால் சரிசெய்தேன். கன்னத்தில் ஒரு மச்சம் வெளியே வந்தது. அவர் திரையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சீல் கீறதும் ஒண்ணு போடுண்ணா. அவரு வேலைக்குச் சேந்த வருசம் அதுலதான் கீது" என்றார். இரண்டையும் எட்டுக்குப் பத்தில் மேட் பேப்பரில் போட்டு, திருத்தாத மூலத்தை டிஃப் கோப்பாகப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.